கொசுறு

பன்னீர் திராட்சை நூறு கிராம் என்றால்
முப்பத்தோரு பழம்.
முப்பத்திரண்டாவதை வைத்தால்
செலினாவின் கேக் தராசு நூற்று மூன்று காட்டுகிறது.
எடுத்த பழத்தை என்ன செய்வது?
குலையில் திரும்ப ஒட்டாது.
இரவு ஃப்ரிட்ஜில் போட்டேன்.
காலையில் முட்டைக்குப் பக்கத்தில்
ஒற்றையாய் உட்கார்ந்து என்னையே பார்த்தது.

தவக்காலத்தில்கூட நான் இப்படி எண்ணியதில்லை.
நாற்பது நாள் கறி இல்லை, அவ்வளவுதான்.
மீறினால் பாவமன்னிப்புக் கூண்டு இருக்கிறது.
போனில் இருக்கிற இந்தச் செயலிக்கு
அப்படி ஒரு சாளரம் கிடையாது.
வாழைப்பழம் என்று தட்டினால் ஆரஞ்சு நிறம்.
சப்போட்டா என்றால் சிவப்பு.
மாம்பழத்தைத் தேடவே பயமாக இருந்தது,
ஏப்ரல் வரட்டும் என்று விட்டுவைத்தேன்.

எடை எண்பத்தொன்று புள்ளி நாலு.
பெல்ட்டில் நானே ஆணியால் போட்ட ஓட்டை இரண்டு.
"பழத்துச் சர்க்கரை
நேரா கல்லீரலுக்குத்தான் போகும் மச்சி"
என்றான் ஆபீஸில் பிரசன்னா,
கையில் அய்யங்கார் பேக்கரித் தேன் கேக்கோடு.
நம்பினேன்.
ஒல்லியானவர்கள் எது சொன்னாலும் நம்புகிற வியாதி
பள்ளிக்கூட நாளிலிருந்தே எனக்கு உண்டு.

மாசியில் காக்ஸ் டவுன் சந்தை ஓரம்
மெகரூனின் தள்ளுவண்டி முழுக்கக் கருநீலம்.
வாசனை வீலர் ரோடு மேம்பாலம்வரை வரும்.
"நூறு கிராம் குடுங்க."
"இன்னா சார், மருந்தா?"
அரைக் கிலோவுக்குக் கீழே அவளிடம் எடைக்கல் இல்லை.
போட்டாள். முள் நிமிர்ந்தது.
பிறகு யாரோ கூப்பிட்டுத் திரும்புகிறவள்போல
பார்க்காமலே ஒரு கை அள்ளி
மேலே போட்டாள்.

அன்றிரவு செயலியில் தேடினேன்.
கொய்யா இருந்தது, கொத்தமல்லி இருந்தது,
கொண்டைக்கடலை நான்கு விதமாக இருந்தது.
கொசுறு இல்லை.

சரி, வாயில் போனதை எல்லாம் எழுதுவோம் என்று
ஒரு பழைய டைரியை எடுத்தேன்.
திங்கள்: திராட்சை முப்பத்தொன்று.
மெஷின் டீ ஐந்து.
டீ தானே, இதை எதற்கு எழுதுவது என்று
பேனா நின்ற இடத்தில் நானும் நின்றேன்.
ஒரு கப்புக்கு இரண்டு கரண்டி.
பத்து.
ஒரு சாட்சிகூடக் கூப்பிடாமல்
பன்னிரண்டு வருடமாக
தினமும் விடுதலையாகிக்கொண்டிருந்த பத்து.
செவ்வாய்: பஃப்ஸ், அதன்மேல் சாஸ்.
உடம்புக்கு நல்லது என்று குடித்த
அட்டைப்பெட்டி ஆரஞ்சுச் சாறு, ஒரு பெரிய டம்ளர்.
மெல்ல எதுவுமே இல்லை அதில்,
ஆறு மடக்கில் முடிந்தது.
திராட்சைக்குத் தோல் உண்டு, கொட்டை உண்டு,
துப்ப இடம் தேட வேண்டும்.
அவசரக்காரனை அது கொஞ்சம் நிறுத்திவைக்கும்.
புதன்: எழுதவில்லை.

வனமாலா டாக்டர் பேனாவைத் தேடிக்கொண்டே சொன்னார்:
"திராட்சை தின்னு இந்த நாற்காலிக்கு வந்தவங்க
இதுவரைக்கும் யாருமில்லை.
சுகர் இருந்தா பேச்சு வேற. உங்களுக்கு இல்ல."
பேனா கிடைத்தது.
டீ இரண்டு, சீனி இல்லாமல், என்று எழுதினார்.
நானூறு ரூபாய்.

முழுசாக நம்பிவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.
சனிக்கிழமை சாயங்காலம் பானஸ்வாடி பஸ் ஸ்டாப்பில்,
மேலே இருந்து இளஞ்சிவப்புப் பூ உதிர உதிர,
பொட்டலத்தைப் பிரித்தேன்.
கொசுறு எது, காசு கொடுத்தது எது
என்று பிரிக்க முடியவில்லை.
இருநூற்றொன்பது வந்தது, நிரம்பி வழிந்து,
ஏறவில்லை. அடுத்ததும் போனது.

சட்டைப்பை ஓரம் ஊதாவாக ஒரு துளி.
"எத்தனை?" என்றாள் செலினா, கறையைப் பார்த்து.
தெரியவில்லை.
உப்பு போட்டுத் தேய்த்தாள். பாதி போனது.

ஞாயிறு, முதல் பூசை மணிக்கு முன்னால்
தராசில் ஏறினேன்.
எண்பத்தொன்று புள்ளி நாலு.
நேற்றும் அதுதான்.