ஒரு கல் குறைவு

கரி மூட்டை லாரி வைசனை உரசிப் போனது
ஒரு வியாழக்கிழமை.
சைக்கிளின் முன்கவையை அவன் தம்பி
மறுநாளே சம்மட்டியால் நிமிர்த்திவிட்டான்.
சனிக்கிழமை அதே சைக்கிள்
சோம்பா சந்தைக்கு ஆள் ஏற்றிப் போனது.

தொடையெலும்புக்கு அப்படியொரு சம்மட்டி இல்லை
என்றார் மகானிசோ.
அவர் டாக்டர் இல்லை.
டாக்டர் மாதம் ஒருமுறை வருவார்.
மகானிசோ தினமும் வருவார்,
மாவுக்கட்டுத் தூள் படிந்த செருப்போடு.

முழங்காலுக்குக் கீழே குறுக்காக ஒரு கம்பி.
கம்பியின் இரு முனையிலும் கயிறு.
கயிறு கால்மாட்டைத் தாண்டித் தொங்க
நுனியில் ஒரு சாக்குப்பை, பைக்குள் எட்டுக் கற்கள்,
மீன்காரியின் தராசில் நிறுத்துப் பொறுக்கியவை.
ஆள் நழுவி வந்துவிடாதபடி
கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினார்கள்.

"கத்தி வேண்டாமா?" என்றேன்.
"வேண்டாம். எட்டு வாரம் வேண்டும்."
கத்தி என்றால் கடன் வாங்கியிருப்பேன்.
வாரங்களை யாரிடம் கடன் கேட்க?

பகலில் வாசலில் மாவுருண்டை பொரித்து விற்றேன்.
மாலையில் வார்டுக்குப் பின்னால்
மற்றப் பெண்களோடு சோளக்களி கிண்டினேன்.
இரவில் அவன் கட்டிலுக்கடியில் படுத்தேன்.
தலைக்கு மேலே பை தொங்கும்.
தொடைச்சதை திடீரென்று சுண்டி இழுக்கும்போது
அவன் போர்வையைக் கடிக்கும் சத்தம்
எலி துணி கொறிப்பது போலக் கேட்கும்.

பத்தாவது இரவு
பைக்குள் கைவிட்டு ஒரு கல்லை எடுத்தேன்.
அவன் மூச்சு நீளமாக வந்தது. தூங்கினான்.
விடிவதற்குள் திரும்பப் போட்டேன்.
அடுத்த இரவும் எடுத்தேன். போட்டேன்.
அதற்கடுத்த விடியலில் போடவில்லை.
என் அடுப்பில் ஒரு கல் ஆடிக்கொண்டிருந்தது,
அதற்கு முட்டுக் கொடுத்தேன்.

மூன்றாம் வாரப் படத்தில்
எலும்பின் இரு முனைகளும்
சண்டை போட்ட அண்ணன் தம்பி
சந்தில் ஒதுங்கிக் கடப்பது போல
ஒன்றையொன்று தாண்டி நின்றன.
மகானிசோ நாடாவால் இரு கால்களையும் அளந்தார்.
இன்னொரு முறை அளந்தார்.
பிறகு பையைப் பிரிக்காமல்
வெளியிலிருந்தே விரலால் தடவி எண்ணினார்.
வார்டில் ஒன்றும் சொல்லவில்லை.

பொழுது சாய அடுப்படிக்கு வந்தார்.
இரண்டு உருண்டை தின்றார், காசு கொடுத்தார்.
"சமைத்து முடித்ததும்
அந்தக் கல்லைக் கொண்டு வந்து தா, ஃபலேசி.
கூடவே இன்னும் இரண்டு பொறுக்கி வா."

பத்துக் கல்.
அன்றிரவு நான் கட்டிலுக்கடியில் படுக்கவில்லை.
வெளியே, காது கேட்காத தூரம் எதுவென்று
நடந்து நடந்து பார்த்தேன்.
மருத்துவமனை வேலி வந்துவிட்டது.

பிறகு கட்டிலின் கீழ்ப்பாதிப் பலகையைக் கழற்றினார்கள்.
பை தொங்கத் தொங்கவே
மடக்கு, நீட்டு, மடக்கு, நீட்டு.
கயிற்றில் கட்டுண்ட பதினான்கு ஆண்கள்
எண்ணிச் சொல்லிக்கொண்டே மிதித்தார்கள்
எங்கும் போகாத சைக்கிள்களை.
ஆறாம் வாரப் படத்தில் முறிவைச் சுற்றி
ஈர விறகின் புகை மாதிரி ஏதோ வெளுத்திருந்தது.
"இதுதான்" என்றார் மகானிசோ,
முதல் தடவையாகப் பல் தெரிய.

நாங்கள் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள்
பை எதிர்க்கட்டிலுக்குப் போனது.
மாமரத்திலிருந்து விழுந்தவன்,
அசியாட்டுவின் தம்பி.
நள்ளிரவில் அவள் பையருகே மண்டியிட்டிருந்தாள்.
நான் புத்தி சொல்லவில்லை.
தோளைத் தொட்டு வெளியே கூட்டிப்போய்
விடியும்வரை
அவள் களிக்கு என் விறகைத் தள்ளினேன்.

இப்போது வைசன் மறுபடி ஆள் ஏற்றுகிறான்.
இடது மிதிகட்டையில்
டயர்த் துண்டு ஒன்றை ஆணியடித்து வைத்திருக்கிறான்,
விரல்நகக் கனம்.
இந்த ஊர்ச் சாலைகளெல்லாம்
கொஞ்சம் சாய்ந்துவிட்டன என்கிறான்.
ஆமாம், மழைக்கு அப்புறம் அப்படித்தான்
என்கிறேன்.