கிராம் கணக்கு

அவிமோர் ரயிலடியில்
மீன் நிறுக்கும் தராசைத் தூக்கிப் பிடித்தபடி
ஃபெர்கஸ் நின்றான்.
ஒவ்வொரு பையாய்த் தொங்கவிட்டு
முள் நடுங்கி அடங்கும்வரை
மூச்சுவிடாமல் பார்த்தோம்.

பல்துலக்கியின் காம்பை முறித்தாயிற்று.
சோப்பில் பாதி. துண்டில் கால்.
ஊனா தன் கம்மலைக் கழற்றப்போனாள்,
கேலிக்குத்தான்.
அவன் கை நீட்டினான்.

ஐந்து பேருக்கு ஒரே கூடாரம்.
துணி ஊனாவிடம்.
நடுக்கம்பம் மர்டோவிடம்.
முளைகள் இருபத்திரண்டும் என்னிடம்.
அடுப்பு ஃபெர்கஸிடம், வாயுக்குப்பி ஷீனாவிடம்,
உப்பும் அவளிடமே.
ஊன்றுகோலா? எடை.
வரைபடத்தின் ஓரங்களைக்கூடக்
கத்தரித்துவிட்டான்:
போகாத இடத்தை எதற்குச் சுமப்பது?

மேட்டுநிலம் வரை பறந்தோம், பொய்யில்லை.
இன்னும் பூக்காத ஹெதர்ப் புதர்கள்,
பள்ளங்களில் அழுக்கேறிய பழைய பனி.
கருங்கல் என்று சொல்லிப் பழகிய கல்
இந்த மலையில் வெளிர்சிவப்பு.
பீரோ அளவுப் பைகளோடு
எதிரே இறங்கி வந்த இருவருக்கு
ஒதுங்கி வழிவிட்டோம்,
அப்படி ஒரு இரக்கத்தோடு.

பிறகு மர்டோவின் பூட்ஸ் கயிறு அறுந்தது.
"நடங்கள், வருகிறேன்" என்றான்.
ஷீனா அவனோடு நின்றாள்.
அவ்வளவுதான் நடந்தது.

மேகம் மேலிருந்து வரவில்லை.
அடுப்பில் மறந்த பாலைப்போலக்
கீழேயிருந்து பொங்கி விளிம்பு தாண்டியது.
நூறு அடி திரும்பி நடந்தோம், ஆளில்லை.
இன்னொரு நூறு.
ஃபெர்கஸ் வரைபடத்தை விரித்தான்.
நாங்கள் நின்ற இடம்
அவிமோர் குப்பைத்தொட்டியில் கிடந்தது.

கம்பம் இல்லாவிட்டால்
கூடாரம் ஒரு பெரிய ஈரத்துணி.
பாறைக்கு முதுகு கொடுத்து
மூவரும் அதற்குள் சுருண்டோம்.
எரியாத அடுப்பை
மடியில் வைத்திருந்தான் ஃபெர்கஸ்.
எண்பத்தெட்டு கிராம், என்றான், யாரும் கேட்காமலே.
ஓட்ஸைப் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்து
உப்பில்லாமல் விழுங்கினோம்.
நான் முளைகளை எண்ணினேன்.
இருபத்திரண்டும் இருந்தன.

சீட்டி ஊதினேன். ஆறு தரம்,
பிறகு ஒரு நிமிடம் சும்மா, மறுபடி ஆறு.
ஜூன் மாதம்; இருட்டும் முழுதாய் வராத
சாம்பல் வெளிச்சத்துக்குள்ளிருந்து
மெலிதாய், இழுத்து, ஒரு குரல்.
"உப்புக்கொத்தி" என்றாள் ஊனா.
"பொன்னிறத்தில் இருக்கும். ராத்திரியும் கூவும்."
பறவை தெரிந்தவள். நம்பினோம்.
காற்று திரும்பும்போதெல்லாம் அது வந்தது.
பாவம், ஜோடியைத் தேடுகிறது,
என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான் ஃபெர்கஸ்.

நாலு மணிக்கு மேகம் கிழிந்தது.
கூப்பிடு தூரம்கூட இல்லை,
இருநூறு அடி.
கற்களுக்கிடையே கம்பத்தை நட்டு
உச்சியில் சிவப்புத் தொப்பி மாட்டி
அதனடியில் மர்டோவும் ஷீனாவும்,
கூரையில்லாத வீட்டுக்குக் காவல்போல.
வாயு உறையாமலிருக்க
குப்பியைச் சட்டைக்குள் அணைத்திருந்தாள்.
கழுத்தில் சீட்டி.

"ராத்திரி பூரா ஒரு பறவை" என்று
மர்டோ தொடங்கினான்.
ஊனா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.
தோள் மட்டும் குலுங்கியது.

திருகியதும் அடுப்பு சீறிற்று.
கஞ்சிக்கு உப்பு போட்டது ஃபெர்கஸ்;
கை கொஞ்சம் தாராளம்.
கரித்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை,
வழித்துத் தின்றோம்.

இறங்கும் வழியில்
சரிவின் மறுபக்கம் எங்கோ
மெலிதாய், இழுத்து, ஒரு குரல்.
ஐந்து பேரும் நின்றுவிட்டோம்.
ஒன்று, என்றாள் ஊனா. இரண்டு.
மூன்று.
நாலாவதுக்காக
பையை இறக்காமலே காத்திருந்தோம்.