நாலாம் வருஷம்

கயிறு கொண்டுவந்திருக்கிறீர்கள், மொஃபாத்தி.
அளந்துகொள்ளுங்கள்.
அரை ஏக்கர்தான். நான் இருந்ததால்
வளரவும் இல்லை, சுருங்கவும் இல்லை.

எனக்குக் குத்தகைக்கு விட்ட அன்று
இங்கே மக்காச்சோளம் என் முழங்காலோடு நின்றுவிட்டிருந்தது.
கதிர் என்று தொங்கியவை கட்டைவிரல் அளவு.
இந்த மண்ணில் கல் மட்டும்தான் முளைக்கும் என்று
நீங்களே சிரித்தீர்கள்,
என் குவாச்சா நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணியபடி.

உரம் வாங்கப் பணமில்லை.
உரம் வந்த காலிச் சாக்கு ஒன்று இருந்தது.
அதில்தான் விதை கொண்டுவந்தேன்:
கொஞ்சம் நிலக்கடலை, கொஞ்சம் துவரை,
எங்கள் வாயில் நந்தோலோ.

ஃபைனெஸி, மக்காச்சோளம் எங்கே என்றார்கள்.
ந்சிமா களி இல்லாத தட்டு
சாப்பாட்டுக் கணக்கில் சேராத ஊர் இது.
பச்சைத் துவரையை உப்புப் போட்டு அவித்து
நானும் பிள்ளைகளும் பல்லால் உருவி உருவித் தின்றோம்.
வாய் அலுத்தது.
வயிறு அலுக்கவில்லை.

கடலை பறித்தபின் கொடியை எரிக்கவில்லை.
பாரைப் பிளந்து உள்ளே படுக்கவைத்து மூடினேன்.
ஊர் அறுவடை முடித்து ஆடுகளை அவிழ்த்துவிடும் மாதத்தில்
துவரை மட்டும் தனியாகப் பச்சையாக நிற்கும்.
அந்த ஆடுகளில் பாதி உங்களுடையவை.
ஜூன், ஜூலை, ஆகஸ்ட்
முலாஞ்சே மலையின் குளிர் இறங்கும் இந்த மேட்டில்
ஒரு தடியோடு தூங்கினேன், மூன்று வருஷமும்.
கயிறு அதை அளக்குமா?

ஒருநாள் ஒரு செடியைப் பிடுங்கினேன்.
வேரெல்லாம் முடிச்சு. நோய் என்று பயந்தேன்.
நகத்தால் கீறினால் உள்ளே
பிறந்த குழந்தையின் ஈறு நிறம்.
வேளாண்மை அலுவலகத்துப் பெண்
மோட்டார் சைக்கிளை அணைக்காமலே சொன்னாள்:
சிவப்பு இருந்தால் வேலை நடக்கிறது.
யாருடைய வேலை, என்ன கூலி என்று
கேட்பதற்குள் புழுதி.

இந்த மழைக்குத் துவரைக்கு நடுவே மக்காச்சோளம் போட்டேன்.
என் தலைக்கு மேல் போயிற்று.
உள்ளே நுழைந்த பிள்ளையைப்
பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.
மார்ச் தொடக்கத்தில்,
மற்ற வீடுகளில் தவிட்டைச் சலித்துக்கொண்டிருந்தபோது,
எங்கள் வாசலில் பச்சைக் கதிர் சுட்ட புகை எழுந்தது.

அந்தப் புகையை நீங்கள் பார்த்தீர்கள்.

சரி. ஊர்த்தலைவர் நோட்டில் நிலம் உங்கள் பேரில்.
மூன்று வருஷச் சருகை நான் வாரிக் கட்ட முடியாது.
கறுப்பை மண்ணிலிருந்து உரித்தெடுக்க முடியாது.
ஓடைக்கு அப்பால், தேயிலைத் தோட்டத்து வேலியோரம்,
எனெலெசி ஒரு துண்டு தருகிறாள்.
போய்த் தோண்டிப் பார்த்தேன்,
வெளுத்த மண். ஒரு புழு இல்லை.
இந்தத் தடவை ஆறு வருஷம் என்று எழுதி,
சாட்சி இரண்டு பேர், கட்டைவிரலில் மை.
விதையில் சாம்பல் கலந்து வைத்தாயிற்று.

கயிற்றின் அந்த முனையைக் கொடுங்கள், பிடிக்கிறேன்.
ஒற்றை ஆள் அளந்தால் கோணலாகும்.
அப்புறம்,
இப்போது நிற்கிற துவரை என்னுடையது.
காய் முற்ற ஆறு வாரம் ஆகும்.
ஆடுகளைக் கட்டிவையுங்கள்.