திரும்பு மின்சாரம்

ஜனவரி. பின்னிரவு மூன்று மணி.
டொலீடோவில், கான்சால் தெருவில்,
குழாய் வெடித்துச் சாலை முழுக்கக் கண்ணாடி.
யாருடையதோ ஒரு நிசான் கார்
அரை டயர் பனியில் புதைந்து
போகவும் முடியாமல் இருக்கவும் பிடிக்காமல் நின்றது.

தார் ஓர் அடி. அதன்கீழ் செங்கல்.
செங்கலைத் தாண்டியதும்
என் பொக்லைன் எதிலோ பல்லைக் கடித்தது.
"தண்டவாளம்" என்றான் கர்ட்,
வாயிலிருந்து சிகரெட்டை எடுக்காமலே.
இந்த ஊரில் எங்கே தோண்டினாலும் இதுதான்.
பெயர்த்தெடுக்கக் காசில்லாமல்
மேலே தாரை ஊற்றி மூடிவிட்டுப் போனார்கள்,
விடிந்தது தெரியாமல் தூங்குபவன் முகத்தில்
போர்வையை இழுத்துவிட்டதைப் போல.

ட்ராம் ஓடி நான் பார்த்ததில்லை.
கடைசி வண்டி நின்றபோது
அப்பாவுக்கு ஒரு வயது.
ஞாபகம் என்று சொன்னால் அது பொய்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
குடிநீர் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில்
சுருட்டி வைத்த வரைபடம்:
நீல மையில் எங்கள் குழாய்கள்,
சிவப்பு மையில் அவர்கள் பாதை,
ஓரத்தில் பென்சிலில்
ஆர்வில் ஸ்டட்ஸ் என்ற குமாஸ்தாவின்
எறும்பு எழுத்து.

மின்சாரம் மேல்கம்பியில் வரும்.
வண்டியை ஓட்டிவிட்டுத் தண்டவாளம் வழியே
பவர் ஹவுஸுக்குத் திரும்ப வேண்டும்.
அதுதான் ஏற்பாடு.
பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை
நேராக வீட்டுக்கா போகிறது?
கொஞ்சம் மின்சாரம் ஈரமண்ணில் இறங்கி
பக்கத்துக் குழாயில் ஏறிக்கொள்ளும்.
ஏறுகிற இடத்தில் ஒன்றும் ஆகாது.
இறங்குகிற இடத்தில்தான்
கொஞ்சம் இரும்பை அள்ளிக்கொண்டு போகும்.

"1926 மார்ச் 9. குழாயில் அம்மைத் தழும்பு போல் குழிகள்.
கம்பெனிக்குக் கடிதம்."
"பதில் இல்லை."
"பதில் இல்லை. இன்றும் அவர்கள் வண்டியில்தான்
வேலைக்கு வந்தேன். ஜன்னலோரம் கிடைத்தது."
"1931. பதினோராவது கடிதம்."

நடுவில், எந்தக் குழாய்க்கும் சம்பந்தமில்லாத
ஒரு வெற்றிடத்தில்:
"சாண்டஸ்கி. ஞாயிறு 8.05. இரண்டு டிக்கெட்."
அதன்கீழ் வேறொரு பென்சிலில்,
"சாண்டஸ்கி. ஒரு டிக்கெட்."
பிறகு 1938 மே மாதம்,
"ஏரிக்கரை வண்டி இனி இல்லை."
கூட வந்தது யாரென்று
வரைபடத்தில் எழுத மாட்டார்கள்.

1949, டிசம்பர் கடைசி.
"மீட்டரில் முள் அசையவில்லை. பூஜ்யம்.
ஜெயித்துவிட்டோம்."
கடைசி வார்த்தையை அவரே அடித்திருக்கிறார்,
காகிதம் கிழிகிற அளவுக்கு.

கர்ட் வெல்டிங் டார்ச்சைப் பற்றவைத்தான்.
தெருவெல்லாம் ஒரு நிமிடம் நீல வெளிச்சம்,
கம்பியில் சக்கரம் தாவும்போது
இப்படித்தான் இருந்திருக்குமோ என்னவோ.
நான் கேட்கவில்லை. அவனுக்கும் தெரியாது.
வெட்டிய துண்டை லாரியில் போட்டோம்.
குழாயைத் துடைத்துப் பார்த்தேன்:
கட்டைவிரல் நுழையும் ஓட்டை,
சுற்றிலும் பொடிப்பொடியாய் எண்ணற்ற குழிகள்.
எழுபது வருஷமாகத் தாங்கியிருக்கிறது,
வந்து போனவர்கள் எடுத்தது போக மிச்சத்தை வைத்து.

எதிர்வீட்டுத் திருமதி ஓரோஸ்
இரவு உடைமேல் கணவரின் கோட்டோடு வந்தார்.
"தண்ணீர் எப்போது வரும்?
அடுப்பில் கோழி பாதி வெந்து நிற்கிறது."
இந்நேரத்தில் யார் கோழி சமைக்கிறார்கள் என்று
கேட்க வாய்வரை வந்தது.
"ஆறு மணிக்கு வந்துவிடும்.
முதலில் சிவப்பாக வரும். தெளியும்வரை திறந்துவிடுங்கள்."
"எவ்வளவு நேரம்?"
"தெரியாது" என்றேன். உண்மை அதுதான்.

மண்ணைத் தள்ளி, தாரைக் கொட்டி,
ரோலரை இரண்டு தடவை ஓட்டினோம்.
விடிந்துகொண்டிருந்தது. வீட்டுக்குக் கிளம்பினேன்.
நாங்கள் தோண்டாத பகுதியில்,
பனி தார்மேல் பிளந்துவைத்த இரண்டு விரிசல்கள்
இடைவெளி மாறாமல் என்னோடே வந்தன.
சிக்னலில் பச்சை விழுந்தது.
நான் நேராகப் போனேன்.
அவை ஏரிப்பக்கம் திரும்பின.