சேதாரம்

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு நிறுக்கிறவன் நான்.
தராசின் கண்ணாடிப் பெட்டிக்குள்
என் மூச்சுக்குக்கூட அனுமதி இல்லை.
பட்டறைக்குப் போன வெள்ளி
குறைந்துதான் திரும்பும்.
நோட்டில் அதற்கு ஒரு பெயர் உண்டு, சேதாரம்.
கூடி வந்தால்தான்
கதவைச் சாத்திவிட்டுக் கேட்போம்:
என்ன கலந்தாய்?

மலையில் ஓடத் தொடங்கிய வருஷம்
இந்தக் கேள்வி மட்டும் மறந்துபோனது.

அடிவாரத்தில் விடியவில்லை இன்னும்.
முதுகில் இரண்டு லிட்டர்,
இடுப்பில் அரை அரையாக இரண்டு பாட்டில்.
தாகம் எடுத்த பிறகு குடிப்பவன் முட்டாள் என்று
எங்கோ கேட்டதை வேதமாக்கியிருந்தேன்.
வளைவுக்கு வளைவு நாலு மடக்கு,
இருபது கொண்டை ஊசிக்கும் தவறாமல்,
குலதெய்வத்துக்குச் சூடம் காட்டுவதுபோல.

மேலே மூடுபனி.
காப்பிச் செடிகளுக்கு நடுவே
வியர்வை நின்றுவிட்டது.
வாய் நிற்கவில்லை.
ஏரிக்கரைக் குழாயில் நிரப்பினேன்,
சேர்வராயன் கோயில் வாசலில் மறுபடியும்.

இறங்கும்போது
வயிற்றுக்குள் குடம் தளும்பும் சத்தம்.
கைக்கடிகாரப் பட்டை இறுகியது,
மோதிரம் சுழல மறுத்தது.
வெயில் என்றேன். தலைவலியையும்
வெயில் கணக்கில் எழுதினேன்.
வெறும் தண்ணீராக வாந்தி வந்ததும்
போன தண்ணீருக்கு ஈடு என்று
இன்னும் குடித்தேன்.

பதினொன்றாம் வளைவு. பத்து. மறுபடி பதினொன்று.
கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்த குரங்கிடம்
ரசீது கேட்டேனாம்.
ரிஸ்வானா சொல்லித்தான் தெரியும்.
டயாலிசிஸ் வார்டில் நர்ஸ் அவள்,
ஞாயிறுகளில் என்னோடு ஓடுபவள்.
பாட்டிலுக்கு நீண்ட என் கையைத் தட்டிவிட்டு
மிச்சத் தண்ணீரைத் தார்ச்சாலையில் கொட்டினாள்.
அது ஆவியாவதைப் பார்த்து
அழுதது நினைவிருக்கிறது.

பலாப்பழம் ஏற்றிய ஜீப்பில்
பலாப்பழங்களோடு இறங்கினேன்.

உப்பு நூற்று இருபத்தொன்று என்றார்கள்.
நூற்று முப்பத்தைந்தாவது வேண்டுமாம்.
ரத்தம் மொத்தமும்
உப்புப் போட மறந்த ரசம்.
அடர்ந்த உப்புநீரை
ஆசாரி பற்றவைப்பு வைக்கும் நிதானத்தில்
சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள்,
அவசரப்பட்டால் மூளை தாங்காது என்று.

எடை பார்த்தார்கள்.
காலையில் வீட்டில் அறுபத்தொன்று நானூறு.
இப்போது அறுபத்துமூன்று நூறு.
ஏழு மணி நேரம் மலையில் ஓடியவன்
ஒரு கிலோ எழுநூறு
கூடி வந்திருக்கிறான்.

கதவு சாத்தப்பட்டது எனக்குள்.
என்ன கலந்தாய்?

இப்போது ஒரே பாட்டில்.
நாக்கு கேட்டால் கொடுப்பேன்,
கேட்கும் அளவு மட்டும்.
ஓமலூர் சாலையில் சித்திரை வெயில் கொளுத்தும் நாளில்
அது நிறையவே கேட்கும்; கஞ்சத்தனம் கிடையாது.
பையில் உப்பு மிளகாய் தடவிய மாங்காய்க் கீற்று.
அதை மருந்து என்று சொல்லமாட்டேன்,
சும்மா பிடிக்கும்.

திரும்பி வந்ததும் தராசு.
ஒன்றரை கிலோ குறைந்தால் அதற்கும் விசாரணை உண்டு.
நேற்று எண்ணூறு கிராம்தான்.
தேதி போட்டு எழுதினேன்:
சேதாரம், எண்ணூறு.

தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த ரிஸ்வானா
செய்கூலி எங்கே என்கிறாள்.