கரைந்த எழுத்து

மூன்றாவது குழியும் ஒத்துழைக்கவில்லை.
கடப்பாறை ஒரு முழம் இறங்கியதும்
ணங்கென்று ஒரு கல்.
"பனி விட்டுப்போன சாமான்" என்றான் டொர்க்கில்,
வாடகை பாக்கியோடு யாரோ
இரவில் வீட்டைக் காலி செய்தது போல.

நவம்பர். மதியம் இரண்டரை.
வெளிச்சம் அதற்குள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தது.
நாங்கள் நட வேண்டிய பலகை
லாரியின் மேல் மல்லாந்து மழையைக் குடித்தது.
மேல்வரி காலிக், கீழ்வரி ஆங்கிலம்,
இரண்டும் சொல்வது ஒன்றைத்தான்:
நீர்நாயின் பள்ளத்தாக்கு.
மேலே க்ளௌன். கீழே க்ளென்.
ஒரு வரி சறுக்கியதற்குள்
சொல் இரண்டு எழுத்து இளைத்துவிட்டது.
நீர்நாயின் பெயருக்கு நடுவிலோ
ஒலிக்காத இரண்டு எழுத்துகள்
தண்ணீருக்கடியில் மூச்சடக்கிக் கிடக்கின்றன.

நான் வேல்ஸ்காரன். மண்வாரி ஓட்டுகிறேன்.
எங்கள் பக்கம் இதை க்ளின் என்போம் என்றேன்,
பேச்சுக்குத்தான்.
பெஹக் நிமிர்ந்து பார்த்தாள்.
கவுன்சிலில் பலகைகளுக்குப் பிழை திருத்துகிறவள்,
காது மடல்வரை கம்பளித் தொப்பி.
"அயர்லாந்திலும் இதேதான்.
ஒரே பாறை,
ஆளுக்கொரு பக்கம் உருட்டிக்கொண்டு போயிருக்கிறோம்."

ஒரு கார் நின்றது. கண்ணாடி பாதி இறங்கியது.
"எங்கள் வரிப்பணம்! இதை யார் படிக்கப் போகிறார்கள்?"
டொர்க்கில் ஆற்றைக் காட்டினான்.
"அது படிக்கும்."
கண்ணாடி ஏறியது.

நான்காவது குழியைத் தோண்டும்போது
கேட்காமலே சொன்னான்:
அகன்று, சோம்பலாய்,
ஏருக்கு இடம் விட்டுப் படுத்திருந்தால் அது ஸ்ராஹ்.
இரண்டு பக்கமும் மலை நெருக்கி
ஆறு மட்டும் மூச்சுவிடுகிற இடம்தான் க்ளௌன்.
சேறு படிந்த இரண்டு உள்ளங்கைகளையும்
எதிரெதிரே நிறுத்திக் காட்டினான்.
நடுவில் மழை பெய்தது.

இதைக் குடைந்தது பனி என்று
பெயர் வைத்தவர்களுக்குத் தெரியாது.
மலைகள் மூழ்கும் கனத்தில்,
வருடத்துக்கு எத்தனையோ அடி என்று
அவசரமே இல்லாமல் அது இழைத்துக்கொண்டு போனபோது
கூப்பிட ஒரு வாய் இல்லை இங்கே.
அவர்கள் வந்து சேர்ந்தபோது
பட்டறை காலி.
சிதறிய கல், வழுவழுத்த சுவர், தேங்கிய நீர்.
யார் வேலை என்று அவர்கள் கேட்டார்களோ என்னவோ.
ஒரு காலையில்
ஈர மீசையோடு எதுவோ கரையேறியதைப் பார்த்திருக்கிறார்கள்.
பெயருக்கு அது போதும்.

நான்காவது குழி சம்மதித்தது.
இருட்டு முழங்கால் அளவு வந்திருந்தது.
பெஹக் படிவத்தை எடுத்தாள்,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு:
வேலை செய்தவர் பெயர்?
எம்லின், என்றேன்.
பேனா நின்றது.
டார்ச்சைக் கையில் எடுத்தாள்.
"அம். க்ளின்" என்று
இரண்டாகப் பிட்டு வைத்தாள் என் முன்னால்.
"பள்ளத்தாக்கைச் சுற்றி.
அந்த 'க்' எங்கே போச்சு?"

எங்கே போச்சு என்று எனக்குத் தெரியும்.
சில சொற்கள் முன்னால் வந்து நின்றால்
எங்கள் மொழியில் அந்த எழுத்து அப்படியே உருகிவிடும்.
மூன்றாம் வகுப்பில் பெஞ்சைத் தட்டித் தட்டி
ஒப்பித்த விதிதான்.
பூனைக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன், ஆட்டுக்கு, புல்லுக்கு.
ஐம்பத்தொரு வருடம்
சம்பளச் சீட்டிலும் கல்யாணப் பதிவிலும்
கையெழுத்தாய்ப் போட்டிருக்கிறேன்,
எனக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

உருகிப் போனது ஓர் எழுத்து.
அது குடைந்த பள்ளம் நான் திரும்பிப் பார்க்கும் பெயராய்
இருந்துகொண்டே இருந்திருக்கிறது.

என்ன சொல்வதென்று தெரியவில்லை.
கான்கிரீட் இறுகிவிடும் என்று கத்தினான் டொர்க்கில்,
யாராவது வந்து
பலகையை நேராகப் பிடிக்கக் கூடாதா?
போய்ப் பிடித்தேன்.