குமிழி

தார்க்வாவில் மழை பிடித்துக்கொண்டால்
தெருவெல்லாம் செங்கல் கரைத்த நிறம்.
என் கடைக்குள் மட்டும் ஒரு குவளை தெளிந்த நீர்.
விடிகாலையில் கொதிக்கவைத்து ஆறவிடுவேன்:
நீருக்குள்ளும் காற்று ஒளிந்திருக்கும்,
முதலில் அதைக் கிளப்பிவிட வேண்டும்.

அயினே வந்தான்.
போல்காட்டாங்காவுக்கும் வடக்கே ஊர்.
மைலோ டப்பாவுக்குள் துணி,
துணிக்குள் இன்னொரு துணி,
அதற்குள் கொட்டைப்பாக்களவு பொன்.
ஒரு குழி, ஏழு பேர், பதினொரு நாள்.
மேசைமேல் வைத்தான்.
மேசை 'ம்' என்றது.

கூட வந்தவன்
பாதி தின்ற ரொட்டியை
விளையாட்டாகத் தராசில் வைத்தான்.
ஐம்பத்தெட்டு கிராம்.
ரொட்டியை எடுத்துப் பொன்னை வைத்தேன்.
ஐம்பத்தேழு புள்ளி ஒன்பது.
சிரித்த வாய் அப்படியே நின்றது.

ரொட்டி என்பது
பெரிய வீட்டில் ஆளுக்கொரு மூலையில்
தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கும் குடும்பம்.
பொன்
சந்தை நாளில் கிளம்புகிற ட்ரோட்ரோ வண்டி:
மடிமேல் ஆள், ஆள்மேல் மூட்டை,
மூட்டைமேல் கோழி,
இன்னும் ஒருவர் ஏறலாம் என்கிறான் மேட்.

"முழுசாக வேண்டாம் ஆன்ட்டி அராபா,
பாதி வெட்டித் தருகிறேன்,
அந்தப் பாதி எத்தனை காரட்டென்று பார்" என்றான் அயினே.
வெட்டேன்.
எடை பாதியாகும்,
அடைக்கும் இடமும் பாதியாகும்,
ஒன்றை ஒன்றால் வகுத்து வரும் எண்ணில் மட்டும்
உன் கத்தி இறங்காது.

நூலில் கட்டி நீரில் இறக்கினேன்.
மூழ்கியது, தான் தள்ளிய நீரின் எடையைத்
தன் எடையில் விட்டுக்கொடுக்கும்.
ஐம்பத்து நான்கு புள்ளி ஆறு.
இழந்தது மூன்று புள்ளி மூன்று.
வகுத்தால் பதினேழரை.
இருபத்தொரு காரட் என்று சொல்ல
வாயெடுத்தேன்.

அப்போதுதான் கண்ணில் பட்டது.
பொன்னின் அடிவயிற்றில் ஒரு பள்ளம்,
பள்ளத்தில் தலைகீழாக
ஒரு குமிழி.
பட்டாணியளவு.
எடை என்று சொல்ல ஒன்றுமில்லை, இடம் மட்டும் உண்டு.
பொன்னின் பேரில்
நீரைத் தள்ளிக்கொண்டு
சத்தமில்லாமல் என் பக்கம் நின்றது.

இரண்டு காரட்.
ஏழு பேரின் பதினொரு நாளில்
ஏறக்குறைய ஒரு முழு நாள்.

அயினே எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
குவளையைப் பார்க்கவில்லை.
விற்க வருகிறவர்கள் யாரும் பார்ப்பதில்லை.

போன வருடம் இதே போல் ஒரு குமிழியை
அதன் போக்கில் விட்டேன்.
பிரெஸ்டியாவிலிருந்து வந்தவன், பெயர் நினைவில்லை.
அந்தப் பணத்தில்தான் கூரைக்குத் தகரம் வாங்கினேன்.
இப்போது மேலே மழை அடித்துக்கொண்டிருப்பது
அதன்மீதுதான்.
வேறெதுவும் காதில் விழவில்லை.

நூலைச் சுண்டினேன்.

குமிழி கிளம்பியது, சற்றுத் தள்ளாடியது,
மேலே வந்து இல்லாமல் போயிற்று.
ஐம்பத்து நான்கு புள்ளி எட்டு.
இருபத்து மூன்று காரட்.

அயினேயின் புருவம் சுருங்கியது.
"எப்படி மாறும்?
கல்லும் அதேதான், நீரும் அதேதான்.
முதலில் சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா?"
காற்று என்றேன்.
காற்றா என்றான்.
கூட வந்தவன் ரொட்டியை மென்றபடி
என்னை மேலும் கீழும் பார்த்தான்.

துணிக்குள் துணி, டப்பாவுக்குள் துணி.
மழையோடு மழையாக
எதிரிலிருக்கும் குவேசியின் கடைக்குப் போய்விட்டார்கள்.
அவன் நூலைச் சுண்டுவானா என்று
எனக்குத் தெரியாது.

மேசையில் நாலு ரொட்டித் துணுக்கு.
குவளையில் நீர்
கொட்டைப்பாக்களவு இறங்கி நிற்கிறது.